டேலியாவுக்குப் பாஸ்போர்ட் வேண்டாம்

மலையகத்தில் ஒரு பிள்ளை நடை பழகும் முன்பே காத்திருக்கப் பழகிவிடுகிறது. டிக்கோயாப் பக்கம் ஒரு லயத்தில் பிறந்து, தோட்டத்துப் பாடசாலையில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நம் சனம் எதற்கெல்லாம் காத்திருந்தது என்று எழுதினால் அதுவே ஒரு சரித்திரப் பாடம் ஆகிவிடும். இலங்கையில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்கு வர 1970கள் ஆகின. 1948இல் பறிபோன குடியுரிமை, மிஞ்சியிருந்தவர்களுக்கும் கிடைப்பதற்கு 2003இல் இன்னொரு சட்டம் வேண்டியிருந்தது. ஒரே மலையில் ஒரே நாள் வேலை செய்த ஆணும் பெண்ணும் ஒரே சம்பளம் வாங்கியது 1984இல்தான். நாட்சம்பளம் 1,000 ரூபாய் வேண்டும் என்று 2015இல் கேட்கத் தொடங்கினோம். 2021இல் வர்த்தமானியில் வந்தது. அடுத்த வருஷமே நாடு கடனில் விழுந்து, மாவும் சீனியும் ஏறிய ஏற்றத்தில் அந்த 1,000 ரூபாய் போன இடம் தெரியவில்லை. வீட்டுக் கதையும் இப்படித்தான். இந்திய உதவியில் முதலில் 4,000 வீடு என்றார்கள். 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 என்றார். கைதட்டினவர்களில் பலர் இன்னும் லயத்துக் காம்பராவில்தான் இருக்கிறார்கள்.

இதெல்லாம் நமக்கு வர வேண்டிய பாக்கி. கேட்க வேண்டும், ரோட்டில் இறங்கிக் கேட்க வேண்டும், வாங்கும்வரை விடக் கூடாது. என் மனக்குறை வேறு. காத்திருந்து காத்திருந்து, யாரும் நமக்குத் தரத் தேவையில்லாத சின்னச் சின்ன விஷயங்களையும் அந்தப் பாக்கிக் கணக்கிலேயே எழுதிவிட்டோம். சம்பளம் கூடட்டும், ஈ.பி.எஃப். காசு வரட்டும், வீடு கட்டி முடியட்டும், ஏ.எல். ரிசல்ட் வரட்டும். அதுவரை சிரிப்பதும் ஒரு புத்தகம் புரட்டுவதும் வீண்செலவு என்று வீட்டுப் பெரியவர்களே சொல்லிக் கொடுக்கிறோம். கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகிற தம்பிமாருக்கும், கம்பஸ் போகக் காத்திருக்கிற தங்கச்சிமாருக்கும் இந்தப் பழக்கத்தைச் சீதனமாகக் கொடுத்து அனுப்புகிறோம்.

தீபாவளி முற்பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசியில் கையில் வாங்குகிறோம், துணி எடுக்கிறோம், பலகாரம் சுடுகிறோம். அடுத்த மாசம் தொடங்கிச் சம்பளத் துண்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிகிறது. கழிந்து முடியும்போது அடுத்த தீபாவளி வாசலில் நிற்கும். வருஷத்தில் ஒருநாள் சந்தோஷத்தையும் கடனுக்கு வாங்கி, தவணையில் கட்டியிருக்கிறோம். இப்படிப் பழகிய சனத்துக்கு, காசில்லாத ஒரு சாதாரணப் புதன்கிழமையில் சந்தோஷமாக இருக்கலாம் என்றால் நம்பிக்கை வராது. குற்றம் சொல்லவில்லை. எங்கே பழகினோம் என்று காட்டுகிறேன்.

என் அப்பாவும் அம்மாவும் இதில் இரண்டு கட்சி.

1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் டில்லியில் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எங்களிடம் யாரும் கேட்கவில்லை என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. என் அப்பா இந்தியாவுக்கு எழுதிப் போட்டார். எழுதிப் போட்ட அன்றே ஒரு தகரப்பெட்டி வாங்கி, பித்தளைச் செம்பையும் நல்ல வேட்டியையும் அதற்குள் வைத்துப் பூட்டினார். அன்றிலிருந்து எங்கள் காம்பராவில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் தடை. கூரைத் தகரம் ஒழுகினால் கீழே சட்டியை வை என்பார். "நாளைக்குப் போகப்போற வீட்டுக்கு எதுக்கு?" என்பதுதான் எல்லாக் கேள்விக்கும் அவருடைய பதில்.

அம்மா கொழுந்துக்காரி. மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வரும்போது ஒருநாள், துரை பங்களாத் தோட்டக்காரர் கழித்துப் போட்ட டேலியாக் கிழங்கைப் படங்கில் முடிந்து கொண்டுவந்தாள். லயத்து முன்னால் கானோரம் மண்ணைக் கொத்தி நட்டாள். அப்பா வழக்கம்போல ஆரம்பித்தார். அம்மா நிமிரக்கூட இல்லை. "பூக்கிறதுக்குப் பாஸ்போர்ட்டா கேக்குது?" என்றாள்.

சித்தப்பா குடும்பம் போய்விட்டது. ஹட்டன் ஸ்டேஷனில் ஏற்றிவிட்டு வந்தோம். அந்த ரயிலுக்கு நம் சனம் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி, மு. சிவலிங்கம் பின்னாளில் தன் சிறுகதைத் தொகுப்புக்கே அந்தப் பெயரை வைத்தார். தலைமன்னாரில் 'ராமானுஜம்' கப்பல், அக்கரையில் மண்டபம் முகாம், பிறகு நீலகிரி. தமிழ்நாட்டு அரசு 1968இல் தாயகம் திரும்பியவர்களுக்காகத் தொடங்கிய தேயிலைத் திட்டத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. இங்கே விட்டுப்போன கூடையை அங்கே போய் மாட்டிக்கொண்டதுதான் மிச்சம். அவர் எழுதும் கடிதங்கள் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, அங்கே எத்தனை நாள் கிடக்குமோ கிடந்து, யார் கையிலாவது ஏறி லயத்துக்கு வரும். வந்த அன்று பணிய லயமே எங்கள் இஸ்தோப்பில் கூடிவிடும். நான்தான் வாசிப்பேன். சித்தப்பாவின் மாடு கன்று போட்டதை நான் இரண்டு தரம் வாசிக்க வேண்டியிருந்தது. அடுத்த லயத்துக் கிழவி பிந்தி வந்துவிட்டாளாம்.

எங்கள் முறை வரவே இல்லை. தாள் ஒன்று வந்தால் இன்னொன்று வராது. 1984இல் யுத்தத்தால் கப்பலும் நின்றது. அப்பா அதற்குப் பிறகும் பெட்டியைத் திறக்கவில்லை. அம்மாவின் டேலியா இதற்கிடையில் கிழங்கு கிழங்காகப் பிரிந்து மேட்டு லயத்துக்கும் பாடசாலை வேலிக்கும் கோயில் வாசலுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. அப்பாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. இரண்டு அரசாங்கங்கள் ஓர் ஆளை நடுவில் நிறுத்தினால் அவர் என்னதான் செய்வார்? ஆனால் எந்தப் பக்கம் நிற்பது என்று என்னைக் கேட்டால் நான் அம்மா கட்சி. அவளும் அதே கப்பலுக்குத்தான் காத்திருந்தாள். காத்திருந்த நேரத்தில் மண்ணைக் கொத்தினாள், அவ்வளவுதான்.

இப்போது வீடு வீடாகப் போனால் தகரப்பெட்டி இல்லை. அதன் இடத்தில் சோகேஸ் நிற்கிறது. மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போன மகளோ மருமகளோ அனுப்பிய கண்ணாடிக் கோப்பைகள், பொன்விளிம்பு வைத்த தட்டுகள், எல்லாம் அதற்குள். வீட்டுக்காரர்கள் தேத்தண்ணி குடிப்பது விளிம்பு உடைந்த கோப்பையில். விருந்தாளி வந்தால் எடுப்பார்களாம். வந்த விருந்தாளி, "எதுக்குங்க சிரமம், சும்மா கோப்பையிலேயே ஊத்துங்க" என்பார். எங்கள் வீட்டிலும் ஒரு செட் இருந்தது. என் மனைவி ஒரு மழைநாளில், விசேஷம் ஒன்றும் இல்லாத நாளில், அதை எடுத்துக் கழுவி ஆளுக்கொன்று ஊற்றிக் கொடுத்தாள். பேத்தி பயந்துபோய், "அப்பாயி, யாரு வராங்க?" என்றாள். "நாமதான் வந்திருக்கோம்" என்றாள் இவள். இன்றைக்கு அந்த செட்டில் இரண்டு உடைந்துவிட்டன. உடையட்டும்.

நுவரெலியா மாவட்டத்து மேட்டுநிலத் தேயிலைக்கு உலகத்தில் பேர் உண்டு. தலவாக்கலை சென்ட் கூம்ஸ் தோட்டத்தில் தேயிலைக்கென்று ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. கொழுந்து பறித்தவர்கள் வீட்டில் குடிப்பது டஸ்ட். ஆனாலும் அந்தத் தூளில் ஒரு தேத்தண்ணி இருக்கிறதே! கொதிக்கக் கொதிக்க ஊற்றி, சீனியைக் கோப்பையில் போடாமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஒரு நக்கு, ஒரு மிடறு. சீனி மிச்சம் பிடிக்க வந்த பழக்கம்தான். அதற்காக ருசி இல்லை என்று ஆகுமா? கூடவே கோதுமை மா ரொட்டி. என் மனைவி மாவைப் பிசைந்து, கொஞ்ச நேரம் ஈரத்துணி மூடி வைத்து, கையாலேயே தட்டித் தட்டில் போடுவாள். ஒரு பக்கம் கருகுகிறதோ என்று நாம் நினைக்கும்போதுதான் திருப்புவாள். கேட்டால் அந்தக் கரும்புள்ளியில்தான் மணம் என்பாள். செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு, தேசிக்காய்ப் புளி சேர்த்து அம்மியில் இடித்த கட்டச் சம்பல் கிள்ளி வைத்தால் போதும். இதைச் சாப்பிட அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தை முடிய வேண்டியதில்லை.

இப்படிச் சொன்னால் ஒரு ஆபத்து இருக்கிறது, அது எனக்குத் தெரியும். "பார், இவர்கள் இருப்பதைக் கொண்டு சந்தோஷமாக இருக்கிறார்கள்" என்று சொல்லக் காத்திருக்கிறவர்கள் உண்டு. தேயிலைப் பெட்டியில் அச்சடித்திருக்கும் பெண் எப்போதும் சிரித்துக்கொண்டே இருப்பாள், கவனித்திருக்கிறீர்களா? தலவாக்கலைப் பக்கம், சென்ட் கிளேயர் அருவியைப் பார்க்க வண்டியை நிறுத்துகிறவர்கள், மலையில் நிற்கும் பெண்களைக் கூடையோடு நிற்க வைத்து, சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்துவிட்டு நூறோ இருநூறோ கொடுத்துப் போகிறார்கள். அது படக்காரருக்கான சிரிப்பு. பீலிக்கரையில் துணி துவைக்கும்போது அதே பெண்கள் அந்தப் படக்காரர் நின்ற நிலையை நடித்துக் காட்டிச் சிரிப்பார்களே, அதைத்தான் நான் சொல்கிறேன். அதை எந்தப் பெட்டியிலும் அச்சடிக்க முடியாது. சந்தோஷமாக இருப்பதால் உரிமை கேட்கத் தகுதி குறைந்துவிடாது. நம் சரித்திரத்தைப் பாருங்கள். 1920களிலும் 30களிலும் கோ. நடேசய்யர் தொழிலாளரைத் திரட்டத் தோட்டங்களுக்குள் நுழைந்தபோது, கூட இருந்த மீனாட்சியம்மாள் பாட்டெழுதிப் பாடித்தான் கூட்டம் சேர்த்தார். 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் கண்டவர்கள் அழுதுகொண்டு ஆரம்பிக்கவில்லை. மாசியில் காமன் கம்பம் நடுவதற்கும் யாரும் சம்பளம் கூடட்டும் என்று காத்திருந்ததில்லை. ராத்திரி முழுக்கக் கூத்தாடிவிட்டு விடிந்ததும் பெரட்டுக்கு ஓடிய ஆட்களை நான் அறிவேன்.

இனி வாசிப்புக்கு வருகிறேன். அதைத்தான் பிள்ளைகள் அதிகம் தள்ளிப்போடுகிறார்கள், இல்லை, நாங்கள் தள்ளிப்போட வைக்கிறோம். கதைப் புத்தகத்தோடு பிடிபட்ட பிள்ளையைப் பாடப்புத்தகத்தை எடு என்று அதட்டாத வீடு எது? ஓ.எல். முடியட்டும், ஏ.எல். முடியட்டும் என்று சொல்லி, முடிந்த மறுநாள் பிள்ளை கொழும்பு பஸ்ஸில் ஏறிவிடுகிறது. புத்தகம் எங்கே வாசிக்கும்? ஆசிரியராக இருந்தவன் சொல்கிறேன், கதை வாசித்துப் பரீட்சையில் கோட்டை விட்ட பிள்ளையை நான் பார்த்ததில்லை. நாலு வரி சேர்ந்தாற்போல் எழுதத் தெரியாமல் தமிழ்ப் பாடத்தில் தடுமாறிய பிள்ளைகளைத்தான் வரிசையாகப் பார்த்தேன்.

லயத்தில் வாசிப்பு என்பது ஒருவர் மூலையில் முடங்கிச் செய்கிற காரியமாக இருந்ததே இல்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் மூலை ஏது? ஒரு கல்லெண்ணெய் விளக்கு, ஒரு பெரிய எழுத்து அல்லி அரசாணி மாலை, வாசிக்கத் தெரிந்த ஒருத்தர். மற்றவர்கள் கொழுந்துக் கூடையைப் பொத்திக்கொண்டும் பிள்ளைக்குப் பேன் பார்த்துக்கொண்டும் கேட்பார்கள். கடையில் சீனி சுற்றிக் கொடுத்த வீரகேசரித் துண்டையும் விடமாட்டோம். பாதியில் கிழிந்திருக்கும் செய்திக்கு மிச்சத்தை நாங்களே முடித்து வைப்போம்.

அந்தப் பழக்கத்தை எங்கள் வீட்டில் மறுபடி கொண்டுவந்தது நான் இல்லை, பேத்தியின் போன். 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்தில் இலங்கைத் தமிழ்ப் புத்தகங்களைக் காசில்லாமல் இறக்கி வாசிக்கலாம். மலையகப் புத்தகங்களும் நிறைய. ராத்திரி சாப்பாட்டுக்கு முன் அவள் வாசிப்பாள், நாங்கள் கேட்போம். முதலில் எடுத்தது என்.எஸ்.எம். ராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து'. 1980இல் தொகுப்பாக வந்த கதைகள். தலைப்புக் கதையில், நிறையக் கொழுந்து பறித்துவிட்ட ஓர் இளம்பெண்ணின் மேல் சந்தேகம் விழுகிறது. என் மனைவிக்குப் படிப்பு அதிகம் இல்லை. கொழுந்து மலையிலேயே வாழ்நாள் போனது. பேத்தி வாசித்து முடிக்கும் முன்பே இவள் விசாரணையைத் தொடங்கிவிட்டாள். "அது எந்த மலை? கவ்வாத்து வெட்டி எத்தனை வருஷம் ஆச்சு? மழை முடிஞ்சு வெயில் அடிச்ச வாரமா? அப்படின்னா பறிக்கலாம். அவ பொய் சொல்லல." எழுத்தாளருக்கு ஒரு சாகித்தியப் பரிசு கிடைத்தது எனக்குத் தெரியும். இவளிடம் கிடைத்த சான்றிதழ் அதற்குக் குறைந்தது இல்லை என்பேன்.

தெளிவத்தை ஜோசப்பின் 'மீன்கள்' வாசித்தது வேறு மாதிரிப் போனது. ஒரே காம்பராவில் வளர்ந்த பிள்ளைகளோடு படுத்து எழும்ப வேண்டிய குடும்பத்தின் சங்கடம் அந்தக் கதை. பேத்திக்கு முன்னால் இதை வாசிக்கலாமா என்று நான் யோசித்தேன். மனைவி யோசிக்கவே இல்லை. "தலைக்கு மேல வளந்த பையனுங்க இஸ்தோப்புல படுப்பாங்க. மழைன்னா கோயில்ல. புதுசா கல்யாணம் ஆனவங்களுக்குச் சாக்குத் தடுப்பு" என்று சமையல் குறிப்பு சொல்கிற குரலில் சொன்னாள். பேத்தி எங்கள் இரண்டு அறை வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். தனி அறை வேண்டும் என்று அவள் பிடித்துக்கொண்டிருந்த அடம் அன்றோடு போகவில்லை, போகவும் கூடாது. ஏன் கேட்கிறோம் என்பது மட்டும் அவளுக்கு இப்போது நன்றாகத் தெரியும். ஜோசப் ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்தவர், 2022இல்தான் போனார். உயிரோடு இருந்த காலத்தில் எங்கள் பாடசாலைகள் அவரை இன்னும் அடிக்கடி கூப்பிட்டிருக்கலாம்.

சி.வி. வேலுப்பிள்ளையின் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' வந்தபோதுதான் வீடு களைகட்டியது. மடக்கொம்பரையில் 1914இல் பிறந்தவர். 1947 தேர்தலில் தலவாக்கலைக்குப் பாராளுமன்ற உறுப்பினர் ஆனவர். அடுத்த தேர்தலில் அவருக்கு ஓட்டுப் போட்டவர்களுக்கே ஓட்டு இல்லை. அப்படிப்பட்ட ஆள் என்ன செய்தார் பாருங்கள். அரசியலும் தொழிற்சங்கமும் ஒரு பக்கம் இருக்க, தோட்டத்துப் பெண்கள் தாலாட்டுக்கும் கும்மிக்கும் என்ன பாடினார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். 1983இல் அது புத்தகமாக வந்தது. அடுத்த வருஷம் அவர் காலமானார். தோட்டத்துச் செக்ரோலில் நம் அம்மாமார் எத்தனை இறாத்தல் பறித்தார்கள் என்பது இருக்கும். பிள்ளையை எப்படித் தூங்க வைத்தார்கள் என்பது சி.வி. எழுதியதால்தான் இருக்கிறது.

பேத்தி ஒரு தாலாட்டை வாசித்ததும் மனைவி கையைக் காட்டி நிறுத்தினாள். "நடுவுல ஒரு அடி விட்டுப்போச்சு" என்று தன் ஆத்தா பாடியபடி பாடிக் காட்டினாள். அவள் பாடி நான் கேட்டது எங்கள் மகன் தொட்டிலில் கிடந்த காலத்தோடு சரி. புத்தகத்தில் இருப்பது வேறு தோட்டத்துப் பாடமாக இருக்கும், இரண்டும் சரிதான் என்று நான் வாத்தியார்த்தனமாக விளக்கினேன். ஏற்றுக்கொள்ளவில்லை. பேத்தி போனில் பதிந்து வைத்துக்கொண்டாள். பிறகு பக்கத்து வீட்டு அத்தையிடம் போய் இன்னொரு பாடம் பதிந்துவந்தாள். அது இரண்டோடும் சேராத மூன்றாவது.

எனக்கென்று தனியாக வாசிப்பதும் உண்டு. மு. நித்தியானந்தனின் 'கூலித்தமிழ்' (2014) போன மாசம் மறுபடி எடுத்தேன். கோப்பித் தோட்ட வேலையைக் கும்மியாகச் சொன்ன 'கோப்பிக் கிருஷிக் கும்மி' என்ற 1869ஆம் ஆண்டுப் புத்தகம் பற்றி அதில் படிக்கலாம். ஆபிரகாம் ஜோசப் எழுதியது. கோப்பியை எப்படி வளர்ப்பது என்று கும்மி அச்சான அதே 1869இல்தான் இலங்கையில் கோப்பி இலைத் துருநோய் முதலில் அடையாளம் காணப்பட்டது. அடுத்த இருபது வருஷத்துக்குள் கோப்பி அழிந்து தேயிலை ஏறிவிட்டது. இதைச் சாப்பிடும்போது சொன்னேன். மகன் சிரித்துவிட்டு, "நம்ம அபிவிருத்தித் திட்டம் எல்லாம் அப்போ இருந்தே இப்படித்தானா?" என்றான்.

இளம்பிள்ளைகளிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. மாச லீவில் கொழும்பிலிருந்து வரும்போது பிஸ்கட் பெட்டியோடு ஒரு புத்தகமும் கொண்டுவாருங்கள். கையில் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பக்கம் வாசித்துக் காட்டுங்கள். தமிழ் வாசிக்கத் தெரியாத ஆத்தாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். மவுசாக்கலை நீர்த்தேக்கம் வற்றி, தண்ணீருக்குள் போன பழைய மஸ்கெலியாக் கோயில் தலை காட்டுகிறது என்று கேள்விப்பட்டால் வீட்டுப் பெரியவர்களை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டுங்கள். செலவு பஸ் காசும் ஒரு சரைக் கடலையும். அவர்கள் அந்தப் பழைய கடைவீதியில் எங்கே என்ன வாங்கினார்கள் என்று சொல்லிக்கொண்டே வருவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். தருவதாகச் சொன்ன காணியும் உறுதியும் வரும்போது வரட்டும். வந்த பிறகு அதில் நட நாற்று வேண்டுமே, அது இப்போதே லயத்துக் கானோரத்தில் வளரலாம்.

சொல்வது சுலபம், வீட்டில் நடத்துவது வேறு. பேத்திக்கு இந்த வருஷம் ஏ.எல். இப்போது நாங்கள் வாசிப்பது கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை'; 1964இல் வந்த நாவல், இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு வந்த வள்ளியின் கதை. மருமகளுக்கு இது பிடிக்கவில்லை. "பரீட்சை முடியட்டுமே மாமா, புத்தகம் எங்க ஓடிப்போகுது?" என்றாள். நியாயமான கேள்விதான். பத்து நிமிஷம் என்று பேரம் பேசி ஒத்துக்கொள்ள வைத்தோம். முதல் இரண்டு நாள் மணிக்கூட்டைப் பார்த்து, பத்தாவது நிமிஷம் சரியாக நிறுத்தச் சொன்னாள். நேற்று வாசிப்பு எங்கேயோ போய்க்கொண்டிருக்க, அடுப்படியிலிருந்து அவள் நிறுத்தச் சொல்லவே இல்லை. எட்டிப் பார்த்தால் அகப்பையைக் கையில் பிடித்தபடி வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். பின்னால் பருப்பு அடிப்பிடித்துப் புகைந்துகொண்டிருந்தது. அதற்கும் என்னைத்தான் ஏசினாள்.